பாயிண்ட் கொடுத்து ரூம் எடுப்பது: புதிதாகத் தொடங்குபவருக்கு

ஏதோ ஒரு ஓட்டல் செயினில் உறுப்பினராகச் சேர்ந்திருப்பீர்கள். வேலை விஷயமாகப் பல தடவை தங்கியிருப்பீர்கள். ஒரு நாள் மின்னஞ்சலைத் திறந்தால் 'உங்கள் கணக்கில் 32,400 பாயிண்ட் உள்ளது' என்று ஒரு வரி கிடக்கும். எண் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை வைத்து என்ன கிடைக்கும்? ஒரு ராத்திரி ரூமா, மூன்று ராத்திரியா, இல்லை ஒரு டோஸ்டர்தானா?

மூன்றில் எது வேண்டுமானாலும் கிடைக்கலாம். அதே 32,400 பாயிண்ட்டைக் கொடுத்து ஒருவர் நல்ல ஓட்டலில் பெருங்கூட்ட நாளில் ஒரு ராத்திரி தங்குவார். இன்னொருவர் சிறிய ஓட்டலில் மூன்று ராத்திரி தங்குவார். மூன்றாமவர் செயினின் பரிசுப் பட்டியலைப் புரட்டி, கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் சமையலறைச் சாமானை வாங்கிக்கொண்டு போவார். பெரும்பாலான திட்டங்களில் பாயிண்ட்டுக்கென்று தனியாக ஒரு விலை கிடையாது. எங்கே, என்றைக்குச் செலவழிக்கிறீர்களோ அங்கேதான் அதன் விலை முடிவாகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

'இலவச இரவு' என்றுதான் விளம்பரத்தில் போடுவார்கள். அந்த 'இலவசம்' என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிடலாம். அந்த பாயிண்ட் உங்கள் கைக்கு வந்ததே நீங்களோ உங்கள் அலுவலகமோ முன்னால் கட்டிய வாடகையிலிருந்துதான்.

எங்கிருந்து வந்தது இது

1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பயணிகளுக்கு மைல் கணக்கு வைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஓட்டல்காரர்கள் அதைப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. 1983-இல் ஹாலிடே இன்னும் மேரியட்டும் ஆளுக்கொரு திட்டம் ஆரம்பித்தன. 1987-இல் ஹில்டன் வந்து சேர்ந்தது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அலுவலக வேலையாகத் தங்குபவருக்கு வாடகையைக் கட்டுவது கம்பெனி. பாயிண்ட் போய்ச் சேர்வதோ தங்கியவரின் சொந்தக் கணக்கில். அதனால் எதிரே இருக்கும் ஓட்டலில் பத்து டாலர் குறைவு என்றாலும் அவர் தன் செயினுக்கே போவார். அந்தப் பத்து டாலர் அவர் பையிலிருந்து போகவில்லையே!

இன்றைக்கு மேரியட் பான்வாய், ஹில்டன் ஹானர்ஸ், வேர்ல்டு ஆஃப் ஹயாட், ஐஎச்ஜி (ஹாலிடே இன்னின் தாய்க் கம்பெனி) ஒன் ரிவார்ட்ஸ், அக்கோரின் 'ஆல்' (ALL) ஆகியவை பெரிய திட்டங்கள். சேர எதிலும் கட்டணம் இல்லை.

மேரியட், ஹில்டன், ஐஎச்ஜி மூன்றிலும் பெரும்பாலான பிராண்டுகளில் வரி நீங்கலாக ஒரு டாலர் செலவுக்கு 10 பாயிண்ட். ஹயாட்டில் 5. ஹயாட் கஞ்சத்தனம் செய்கிறது என்று அவசரப்பட்டு நினைக்க வேண்டாம், அங்கே ரூமுக்குக் கேட்கும் பாயிண்ட்டும் குறைவு. ஒரு திட்டத்தின் பாயிண்ட்டை இன்னொரு திட்டத்தின் பாயிண்ட்டோடு எண்ணிக்கையில் ஒப்பிடுவது, இரண்டு நாட்டு நாணயங்களை முகமதிப்பை மட்டும் பார்த்து ஒப்பிடுவது மாதிரி.

புதியவர்கள் பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. புக்கிங்.காம், எக்ஸ்பீடியா, அகோடா போன்ற இடைத்தளங்கள் வழியாக எடுத்த ரூமுக்குப் பொதுவாகச் செயினின் பாயிண்ட் ஏறாது. செயினின் சொந்த இணையதளத்திலோ செயலியிலோ உறுப்பினர் எண்ணைப் போட்டு எடுத்தால்தான் கணக்கில் வரும். 'ஆறு வருஷமாக அதே ஓட்டலில்தான் தங்குகிறேன், ஒரு பாயிண்ட்கூட இல்லை' என்று யாராவது புலம்பினால், எந்தத் தளத்தில் புக் செய்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

விலை போடும் மூன்று முறைகள்

அக்கோர் நேரடியானது. 2,000 பாயிண்ட் கொடுத்தால் பில்லில் 40 யூரோ கழியும். ஒரு பாயிண்ட் 2 யூரோ சென்ட், எந்த ஓட்டலாக இருந்தாலும் எந்த நாளாக இருந்தாலும். இதில் கெட்டிக்காரத்தனத்துக்கும் இடமில்லை, ஏமாறவும் வழியில்லை.

இரண்டாவது, அட்டவணை முறை. ஹயாட் தன் ஓட்டல்களை 8 வகையாகப் பிரித்து, எந்த வகைக்கு எத்தனை பாயிண்ட் என்று அட்டவணை போட்டு வெளியிடும். கூட்டம் உள்ள நாள், இல்லாத நாள் என்று அதற்குள்ளேயே ஏற்ற இறக்கம் உண்டு. ஆனால் மேல் எல்லை எது, கீழ் எல்லை எது என்று முன்கூட்டியே தெரியும்.

மூன்றாவதில் எல்லையே வெளியே தெரியாது. ஹில்டன் 2017-இல் அட்டவணையைக் கைவிட்டது. மேரியட் 2022 மார்ச்சில் கைவிட்டது. ஐஎச்ஜியும் இதே வழிக்கு வந்துவிட்டது. ரூமின் பண விலை ஏறினால் பாயிண்ட் விலையும் ஏறும், இறங்கினால் இறங்கும். ஆனால் இரண்டும் கைகோத்துக்கொண்டு நடப்பதில்லை. பண விலை இரண்டு மடங்கு ஆகும் நாளில் பாயிண்ட் விலை ஒன்றரை மடங்கோடு நின்றுவிடும். பண விலை பாதியாகும் நாளில் பாயிண்ட் விலை கொஞ்சம்தான் இறங்கும். நமக்கு லாபம் கிடைப்பதும் நஷ்டம் வருவதும் இந்த இடைவெளியில்தான்.

ஒரு வகுத்தல் கணக்கு

இதற்குப் பெரிய கணிதம் ஒன்றும் வேண்டாம். பணமாகக் கட்டினால் வரியோடு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். அதைக் கேட்கும் பாயிண்ட்டால் வகுங்கள். வருவது, ஒரு பாயிண்ட்டுக்கு உங்களுக்குக் கிடைக்கும் மதிப்பு. டாலரை முதலில் சென்ட்டாக்கிக்கொண்டால் எண் கையில் அடங்கும்.

ஒரு ஓட்டலை எடுத்துக்கொள்வோம். சாதாரண நாளில் ரூம் 180 டாலர், வரி 27 டாலர், மொத்தம் 207. பாயிண்ட்டில் 30,000. 20,700 சென்ட்டை 30,000-ஆல் வகுத்தால் 0.69 சென்ட்.

அதே ஓட்டல், ஊரில் பெரிய மாநாடு நடக்கும் நாள். ரூம் 420, வரி 63, மொத்தம் 483. பாயிண்ட் 42,000. வகுத்தால் 1.15 சென்ட்.

அதே ஓட்டல், ஈயோட்டும் வாரம். ரூம் 95, வரி 14, மொத்தம் 109. பாயிண்ட் 24,000. வகுத்தால் 0.45 சென்ட்.

பார்த்தீர்களா? மூன்றாவது நாளில் 24,000 பாயிண்ட்தான் கேட்கிறார்கள், 'அட, மலிவாக இருக்கிறதே' என்று கை துறுதுறுக்கும். அன்றைக்குத்தான் பாயிண்ட்டுக்கு மதிப்பு மிகக் குறைவு. பேசாமல் 109 டாலரைக் கட்டிவிட்டு பாயிண்ட்டைத் தொடாமல் இருப்பது நல்லது. மாநாட்டு நாளில் 42,000 கேட்கும்போது மனசு பதறும், ஆனால் கொடுக்க வேண்டிய நாள் அதுதான்.

இன்னும் கொஞ்சம் கறாராகப் பார்க்க விரும்பினால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டித் தங்கினால் புதிதாக பாயிண்ட் கிடைக்கும், பாயிண்ட் கொடுத்துத் தங்கினால் ரூமுக்குக் கிடைக்காது. முதல் கணக்கில் 180 டாலருக்கு 1,800 பாயிண்ட் வந்திருக்கும். அதை விட்டுக்கொடுக்கிறீர்கள். ஆகவே உங்கள் உண்மையான செலவு 31,800 பாயிண்ட், மதிப்பு 0.65 சென்ட். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அடிக்கடி தங்கி மேல்நிலை அந்தஸ்தில் இருப்பவர்களுக்குக் கூடுதல் பாயிண்ட் கிடைக்கும், அவர்களுக்கு இந்த வித்தியாசம் உறைக்கும்.

சரி, எத்தனை சென்ட் வந்தால் 'நல்லது' என்று சொல்லலாம்? ஒவ்வொரு திட்டத்துக்கும் ஆளாளுக்கு ஒரு சராசரி சொல்வார்கள். அதைவிட உங்கள் சொந்த அளவுகோல் ஒன்று இருப்பது மேல். நீங்கள் போக நினைக்கும் நாலைந்து ஓட்டல்களை, நீங்கள் போகக்கூடிய தேதிகளில், மேலே சொன்ன மாதிரி வகுத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை. வரும் எண்களின் நடுவில் எது நிற்கிறதோ அதுதான் உங்கள் கணக்கு. அதற்குக் கீழே வந்தால் பணம், மேலே வந்தால் பாயிண்ட்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு ராத்திரிக்கு 900 டாலர் கேட்கும் கடலோர ஓட்டலை பாயிண்ட்டில் எடுத்து, 'பாயிண்ட்டுக்கு இரண்டு சென்ட் எடுத்தேன்' என்று காலரைத் தூக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர் பணமாக 900 டாலர் கொடுத்து அங்கே தங்கியிருப்பாரா? மாட்டார். அப்படியானால் அந்த 900 அவருக்கு வெறும் அலங்கார எண். பாயிண்ட் இல்லாவிட்டால் 250 டாலர் ஓட்டலில்தான் தங்கியிருப்பார் என்றால், 250-ஐ வைத்து வகுப்பதுதான் நேர்மையான கணக்கு. ஆசைக்காக ஒரு தடவை போய்த் தங்குவதில் தப்பே இல்லை, நானும் போயிருக்கிறேன். அதை லாபக் கணக்கில் எழுதாமல் இருந்தால் சரி.

திரையில் எப்படித் தேடுவது

செயினின் செயலியைத் திறந்து ஊர், தேதி போடும் இடத்திலேயே 'பாயிண்ட் பயன்படுத்து' என்ற பொருளில் ஒரு சிறு கட்டம் இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அதைத் தட்டிவிட்டுத் தேடினால் விலைகள் டாலருக்குப் பதிலாக பாயிண்ட்டில் வரும். பிறகு அதே தேதியைக் கட்டத்தை எடுத்துவிட்டு இன்னொரு முறை தேடுங்கள். இப்போது பண விலை தெரியும். இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

தேதியில் கொஞ்சம் முன்னே பின்னே போக முடியும் என்றால், 'தேதிகள் மாறலாம்' என்பது மாதிரியான தேர்வைத் தட்டுங்கள். மாதம் முழுவதும் ஒரு நாட்காட்டியாக விரியும். ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைய பாயிண்ட் விலை இருக்கும். சனிக்கிழமை 45,000, ஞாயிற்றுக்கிழமை 28,000 என்று அடுத்தடுத்த நாள்களிலேயே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். அலுவலகப் பயணிகள் நிறையும் ஓட்டல் என்றால் வார நாள்களில் விலை ஏறி வார இறுதியில் இறங்கும். உல்லாச ஊர் என்றால் தலைகீழ்.

பண விலையைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. திரையில் முதலில் தெரிவது பெரும்பாலும் வரி சேராத விலை. கடைசிப் பக்கம் வரை போய், கார்டு எண் கேட்கும் இடத்தில் வரும் மொத்தத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். பாயிண்ட்டில் எடுக்கும் இரவுக்கு ரூம் வரி பொதுவாக வராது. ஆகவே வரி அதிகமான ஊரில் பாயிண்ட் கொடுப்பது கூடுதல் லாபம். சில ஊர்களில் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று வாங்கும் சுற்றுலா வரியை மட்டும் ஓட்டலிலேயே கட்டச் சொல்வார்கள்.

ரூம் இருக்கிறது, பாயிண்ட்டுக்கு இல்லை

பணம் கட்டுகிறேன் என்றால் ரூம் காட்டுகிறது, பாயிண்ட் என்றால் 'இல்லை' என்கிறது, அல்லது மலைக்க வைக்கும் ஒரு எண்ணைச் சொல்கிறது. இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் கோபம் பாதி குறையும்.

வாசலில் பெரிய செயினின் பெயர் எழுதியிருக்கும். ஆனால் கட்டடம் பெரும்பாலும் அந்தச் செயினுக்குச் சொந்தமில்லை. முதலாளி வேறு ஆள். செயின் தன் பெயரையும் புக்கிங் வசதியையும் கொடுத்துவிட்டுக் கட்டணம் வாங்கிக்கொள்கிறது. உறுப்பினர் ஒருவர் பணம் கட்டித் தங்கும்போது, முதலாளி அதில் ஒரு பங்கை பாயிண்ட் திட்டத்தின் பொது நிதிக்குக் கட்டுவார். பிறகு ஒருவர் பாயிண்ட் கொடுத்து அவருடைய ஓட்டலில் தங்கினால், அந்தப் பொது நிதியிலிருந்து முதலாளிக்குப் பணம் வரும்.

எவ்வளவு வரும்? அங்கேதான் விஷயம். ரூம்கள் காலியாகக் கிடக்கும் நாளில் துணி துவைக்க, துப்புரவு செய்ய ஆகும் செலவை ஒட்டிய சிறு தொகைதான் வரும். எப்படியும் காலியாக இருந்திருக்கும் ரூம்தானே என்பது செயினின் வாதம். ஓட்டல் ஏறக்குறைய நிரம்பிய நாளில், வேறொருவருக்கு விற்றிருக்கக்கூடிய ரூம் என்பதால் அன்றைய சராசரி வாடகையை ஒட்டிய தொகை கிடைக்கும். ஆக, முதலாளிக்கு ஓட்டல் காலியாக இருந்தாலும் பரவாயில்லை, ததும்பி வழிந்தாலும் பரவாயில்லை. முக்கால்வாசி நிரம்பி, மிச்சத்தையும் நல்ல விலைக்கு விற்றுவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கும் நாளில்தான் பாயிண்ட் விருந்தாளியைக் கண்டால் கசக்கும்.

'எல்லா நாளும் பாயிண்ட்டில் எடுக்கலாம், தடை நாள் கிடையாது' என்று திட்டங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த வாக்குறுதி 'ஸ்டாண்டர்ட் ரூம்' என்று சொல்லப்படும் அடிப்படை ரூமுக்கு மட்டும். ஓட்டலில் 200 ரூம் இருக்கலாம். அதில் எத்தனையை ஸ்டாண்டர்ட் என்று பெயரிடுகிறார்கள் என்பதில் நெளிவு சுளிவு உண்டு. பால்கனி இருந்தால் ஒரு பெயர், ஏழாவது மாடிக்கு மேல் என்றால் ஒரு பெயர், மரம் தெரிந்தால் 'தோட்டக் காட்சி'. இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் ஸ்டாண்டர்ட் கணக்கில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் விற்றுவிட்டால், மேல்வகை ரூமுக்கு மூன்று நான்கு மடங்கு பாயிண்ட் கேட்பார்கள். பெரும்பாலும் அது நமக்குக் கட்டுப்படியாகாது.

இதற்கு என் வழி எளிது. போகும் தேதி உறுதியாகத் தெரிந்தவுடனே, ஆறு மாதம் முன்னாடியானாலும், பாயிண்ட்டில் ஒரு புக்கிங் போட்டு வைத்துவிடுவேன். பாயிண்ட் இரவுகளைப் பெரும்பாலும் கடைசிச் சில நாள்கள் வரை கேன்சல் செய்யலாம், பாயிண்ட் அப்படியே திரும்பி வந்துவிடும். அப்புறம் மாதத்துக்கு ஒரு முறை அதே தேதியைத் தேடிப் பார்ப்பேன். விலை 40,000-இலிருந்து 33,000 ஆகியிருந்தால் புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டுப் பழையதைக் கேன்சல் செய்வேன். வரிசை முக்கியம்: புதியது கைக்கு வந்த பிறகுதான் பழையதை விட வேண்டும். இரண்டுக்கும் போதுமான பாயிண்ட் கணக்கில் இல்லாவிட்டால், இருக்கும் புக்கிங்கையே மாற்றித்தர முடியுமா என்று செயினின் தொலைபேசி எண்ணில் கேட்கலாம்.

கேன்சல் கெடு

இந்தக் கேன்சல் விஷயத்தில் நான் ஒரு முறை நன்றாகவே சூடுபட்டேன். புக்கிங்கில் 'வருகைக்கு 2 நாள் முன், மாலை 6 மணிக்குள் கேன்சல் செய்யலாம்' என்று தெளிவாக இருந்தது. பயணம் மாறிவிட்டது. கெடு நாள் அன்று மதியம் சாப்பிட்டு முடித்துவிட்டு, இன்னும் நேரம் இருக்கிறதே என்று சாவகாசமாகச் செயலியைத் திறந்தேன். கேன்சல் பொத்தானைத் தொட்டதும் '25,000 பாயிண்ட் அபராதம்' என்று வந்தது. மாலை 6 மணி என்பது ஓட்டல் இருக்கும் ஊரின் கடிகாரப்படி. ஓட்டல் கிழக்கே இருந்தது, நான் மேற்கே இருந்தேன். நான் சோறு சாப்பிட உட்காரும்போதே அங்கே ஆறு மணி தாண்டிவிட்டது. அழைத்துப் பேசினேன். மரியாதையாகப் பேசினார்கள், பாயிண்ட் திரும்பவில்லை. அன்றிலிருந்து புக்கிங் போட்ட அந்த நிமிடமே கெடுவை என் ஊர் நேரத்துக்கு மாற்றி, ஒரு நாள் முன்னதாகவே மணி அடிக்கும்படி போனில் போட்டு வைக்கிறேன்.

கேன்சலும் செய்யாமல், போகவும் போகாமல் விட்டால் பாயிண்ட் போனது போனதுதான். சில ஓட்டல்கள் கார்டிலும் ஒரு இரவு வாடகையைப் பிடித்துக்கொள்ளும். நிபந்தனையைப் படித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது இரவு, ரிசார்ட் ஃபீ

மேரியட்டில் தொடர்ந்து 5 இரவு பாயிண்ட்டில் எடுத்தால் அதில் மிகக் குறைந்த பாயிண்ட் உள்ள இரவைக் கழித்துவிடுவார்கள். ஹில்டனிலும் ஐந்தாவது இரவு உண்டு, ஆனால் சில்வர் அந்தஸ்தோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு மட்டும். நம் முதல் உதாரணத்தில் 5 இரவும் 30,000 என்றால் மொத்தம் 1,20,000 பாயிண்ட். பணமாக 1,035 டாலர். மதிப்பு 0.69-இலிருந்து 0.86 சென்ட்டுக்கு ஏறிவிடுகிறது. ஆகவே 4 இரவுக்குத் திட்டம் போட்டிருந்தால், ஐந்தாவதையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். ஐந்தாவதுதான் மலிவான இரவு என்றால் மொத்தம் அதேதான் வரும், இல்லையென்றால் கொஞ்சம் கூடும். காலையில் கிளம்ப வேண்டியதில்லை, மத்தியானம் வரை தூங்கலாம் என்பதற்காகவே நான் இதைச் செய்வதுண்டு.

ரிசார்ட் ஃபீ இருக்கிறதே, அது ஓட்டல்காரர்களின் கண்டுபிடிப்புகளில் எனக்கு அறவே பிடிக்காத ஒன்று. நீச்சல் குளம், வைஃபை, துண்டு என்று ஏதேதோ பெயரில் வாடகைக்கு மேல் நாளுக்கு 30, 40 டாலர் போடுவார்கள். ஹில்டனும் ஹயாட்டும் முழுக்க பாயிண்ட்டில் எடுத்த இரவுக்கு இதை வாங்குவதில்லை. மேரியட்டில் வாங்குவார்கள். மேரியட் ஓட்டலுக்கு வகுத்தல் போடும்போது, பண விலையிலிருந்து இந்த ஃபீயைக் கழித்துவிட்டு வகுங்கள். பாயிண்ட் கொடுத்தாலும் அதைக் கையிலிருந்து கட்டத்தானே போகிறீர்கள்.

பாயிண்ட்டைச் சேர்த்து வைக்கலாமா

கூடாது என்பேன். காரணம் இரண்டு.

ஒன்று, காலாவதி. மேரியட், ஹில்டன், ஹயாட்டில் 24 மாதம் கணக்கில் அசைவே இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும். ஐஎச்ஜியில் சாதாரண உறுப்பினருக்கு 12 மாதம்தான். அசைவு என்றால் ஒரு இரவு தங்கினாலும் போதும், கொஞ்சம் பாயிண்ட் செலவழித்தாலும் போதும், கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

இரண்டாவது, மதிப்புச் சரிவு. இது காலாவதியைவிடப் பெரிய ஆபத்து, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. பாயிண்ட் என்பது செயின் அச்சடிக்கும் நாணயம். எவ்வளவு அச்சடிப்பது, அதற்கு என்ன கிடைக்கும் என்று இரண்டையும் முடிவு செய்வது அவர்களேதான். கணக்குப் புத்தகத்தில் நம் பாயிண்ட் அவர்களுக்குக் கடன். மேரியட்டின் ஆண்டறிக்கையில் இந்தக் கடன் மட்டும் 600 கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது. கடனைக் குறைக்க அவர்களுக்கு இருக்கும் சுலபமான வழி, நேற்று 50,000 கேட்ட ரூமுக்கு இன்று 60,000 கேட்பது. கணக்கில் உள்ள எண் குறையாது. அது வாங்கித் தருவது குறைந்துவிடும். வங்கியில் போட்டால் வட்டியாவது வரும், இங்கே கிடந்து தேய்வதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

செயின்களே கைமாறுவதும் உண்டு. மேரியட் 2016-இல் ஸ்டார்வுட்டை வாங்கியது. 2018 ஆகஸ்டில் திட்டங்கள் ஒன்றானபோது ஸ்டார்வுட்டின் ஒரு பாயிண்ட் 3 மேரியட் பாயிண்ட் ஆனது. 2019-இல்தான் பான்வாய் என்ற பெயர் வந்தது. அந்த மாற்றம் நியாயமான விகிதத்தில் நடந்தது, ஆனால் பழைய திட்டத்தின் விதிகளை நம்பிக் கணக்குப் போட்டு வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

குறிப்பிட்ட பயணம் ஒன்றுக்காக ஓராண்டு, ஒன்றரை ஆண்டு சேர்ப்பது சரி. 'என்றைக்காவது உதவும்' என்று சேர்ப்பதை விட்டுவிடுங்கள்.

கை வைக்காமல் இருக்க வேண்டியவை

பரிசுப் பட்டியல் பொருள்கள், பரிசு அட்டைகள் பக்கமே போக வேண்டாம். ரூமுக்குக் கிடைக்கும் மதிப்பில் பாதிகூடத் தேறாது. 'பாதி பாயிண்ட், பாதி பணம்' என்று ஒரு தேர்வு வரும், அதையும் வகுத்துப் பார்க்காமல் தொடாதீர்கள். பாயிண்ட்டுக்குக் கிடைக்கும் மதிப்பு பெரும்பாலும் அங்கே அடிவாங்கும்.

விமான மைலாக மாற்றுவதும் பொதுவாக நஷ்டம். மேரியட்டில் பெரும்பாலான விமான நிறுவனங்களுக்கு 3 பாயிண்ட்டுக்கு 1 மைல், 60,000 பாயிண்ட்டாக ஒரே தடவையில் மாற்றினால் பலவற்றில் 5,000 மைல் கூடுதல். டிக்கெட்டுக்குக் கடைசி இரண்டாயிரம் மைல் குறைகிறது என்றால் மாற்றிக்கொள்ளலாம், மற்றபடி ஓட்டல் பாயிண்ட்டை ஓட்டலிலேயே செலவழியுங்கள்.

பாயிண்ட்டைப் பணம் கொடுத்து வாங்கவும் முடியும். ஹில்டன் சாதாரணமாக ஒரு பாயிண்ட் 1 சென்ட் என்று விற்கும், நூறு சதவீதம் போனஸ் என்று அறிவிக்கும் நாள்களில் அரை சென்ட் ஆகிவிடும். நீங்கள் எடுக்கப்போகும் குறிப்பிட்ட இரவு பாயிண்ட்டுக்கு 0.9 சென்ட் தருகிறது, அரை சென்ட்டுக்கு வாங்க முடிகிறது என்றால் தாராளமாக வாங்கலாம். சலுகை வந்துவிட்டதே என்பதற்காக வாங்கிக் குவிக்காதீர்கள்.

பாயிண்ட் கொஞ்சம்தான் குறைகிறது, வீட்டில் இன்னொருவர் கணக்கில் இருக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. பெரிய திட்டங்கள் பலவற்றில் குடும்பத்தாரும் நண்பர்களும் பாயிண்ட்டைச் சேர்த்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். ஹில்டனில் 10 பேர் வரை சேர்த்துக்கொண்டு ஒரே கணக்கில் திரட்டலாம்.

உங்கள் பாயிண்ட்டில் அப்பா அம்மாவுக்கு ரூம் எடுக்க நினைத்தால், செக்-இன் செய்பவர் பெயரை முன்பே புக்கிங்கில் சேர்த்துவிடுங்கள். நள்ளிரவில் வரவேற்பு மேசை முன்னால் நின்றுகொண்டு, தூங்கிக்கொண்டிருக்கும் உங்களுக்கு அவர்கள் போன் செய்ய வேண்டிய நிலை வரக் கூடாது.

அங்கே போன பிறகு

பாயிண்ட்டில் எடுத்த ரூம் என்றாலும் செக்-இன்னில் கிரெடிட் கார்டு கேட்பார்கள். சாப்பாடு, சலவை போன்ற சில்லறைச் செலவுகளுக்காக ஒரு தொகையைப் பிடித்து வைத்து, கிளம்பிய சில நாள்களில் விடுவிப்பார்கள். இதைத் தெரியாமல் டெபிட் கார்டைக் கொடுத்துவிட்டு, கையில் செலவுக்குப் பணமில்லாமல் தவித்தவர்கள் உண்டு.

உங்களுக்கு அந்தஸ்து ஏதாவது இருந்தால் பாயிண்ட் இரவிலும் அதன் சலுகைகள் பொதுவாகக் கிடைக்கும். மேரியட், ஹில்டன், ஹயாட்டில் பாயிண்ட் இரவுகள் அடுத்த அந்தஸ்துக்கான எண்ணிக்கையிலும் சேரும். மேசையில் இருப்பவர் சில சமயம் மறந்துவிடுவார், கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கிளம்பும் காலையில் பில்லைத் தாளில் வாங்கி வரிவரியாகப் பாருங்கள். ரூம் வாடகை என்ற வரிக்கு நேரே சுழியம் இருக்க வேண்டும், அல்லது ஒரு தொகையும் அதே தொகை கழிக்கப்பட்டும் இருக்க வேண்டும். கணினியில் தவறாக ஏறி வாடகை கார்டில் விழுந்திருந்தால் மேசை முன்னால் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். அங்கே இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை, வீட்டுக்கு வந்தபின் இரண்டு வாரம் இழுக்கும்.